சாம்பல் கொடுத்த இரண்டு நாட்கள்

கராமாவில், வளைகுடாவுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கும் எங்கள் ரூமில் மூன்று இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றும் இரண்டடுக்கு. ஆறு பேருக்கு ஒரு ஜன்னல், ஒரு ஏசி. ஜன்னலோரக் கட்டிலின் கீழடுக்கில் பாய் படுத்திருந்தார், மேலடுக்கில் நான். பதினோரு ஆண்டுகள் இப்படியே போயின. அவரை நான் பாய் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர்.

மேலே படுத்திருப்பவனுக்குக் கீழே இருப்பவரின் முகம் தெரியாது. நாங்கள் பேசியதெல்லாம் அப்படித்தான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசுவேன், அவர் என் கட்டிலின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் தங்கைகளின் கல்யாணம், அவர் மகனின் படிப்பு, எனக்குக் கல்யாணம் ஆகாமலே போனது என்று எல்லாவற்றையும் இப்படியே பேசினோம். முகம் பார்த்திருந்தால் நான் பாதிகூடப் பேசியிருக்க மாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எதிரே ஆள் இருந்தால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

பாய் தேராவில் ஒரு காபிக்கொட்டைக் கடையில் முப்பது ஆண்டுகள் நின்றார். நிஜமாகவே நின்றார், அந்தக் கடையில் விற்பவர்கள் உட்கார ஸ்டூல் கிடையாது. கடைசியில் முட்டி தேய்ந்துபோனது. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் கீழேயிருந்து அவர் குரல் வந்தது. “கலாஸ் தம்பி, முடிஞ்சுது. விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன்.”

“நல்ல முடிவு பாய்” என்றேன். அதைச் சொன்னபோது என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அந்த மட்டில் தப்பித்தேன்.

ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர் தன் சாமான்களை ரூமில் பங்கு வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கிளம்பும் நாள் காலையில் பாயும் உட்கார்ந்து பங்கு வைத்தார். இஸ்திரிப்பெட்டி ஒருவருக்கு, அரிசி குக்கர் ஒருவருக்கு, சீனக் கம்பளி ஒருவருக்கு. முந்தின மாதம்தான் வந்து சேர்ந்த மலையாளிக்குக்கூட ஒரு பிளாஸ்க். நான் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு, எதையும் எதிர்பார்க்காதவன் மாதிரி நின்றேன். என் முறை வந்ததும் பாய் கையை விரித்தார்.

“ஒனக்குத்தான் கட்டில் இருக்கே தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் கட்டிலின் கீழடுக்கு மூப்புப்படி அடுத்து எனக்குத்தான் வர வேண்டும். அது அவர் கொடுத்து நான் வாங்க வேண்டிய பொருள் இல்லை. பதினோரு வருஷத்துக்கு இவருக்குக் கொடுக்கத் தோன்றியது அவ்வளவுதானா என்று எனக்குச் சுருக்கென்றது. ஏர்போர்ட்டுக்கு வருவதற்காக அன்று லீவு போட்டிருந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “தலை வலிக்குது, நான் வரல” என்றேன். பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “சரிப்பா, படு” என்றார். அவருடைய அக்கா மகன் காரோடு கீழே காத்திருந்தான். இரண்டு அட்டைப்பெட்டிகளும் அவரும் லிஃப்டுக்குள் போனதை நான் கதவருகே வந்துகூடப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் டூட்டிக்குப் போன பிறகு ரூம் காலியானது. மேலடுக்குக்கு அன்று மாலையே புது ஆள் வருகிறான் என்று ரூம் வாடகை வசூலிப்பவர் சொல்லியிருந்தார். எப்படியும் இடம் மாறியாக வேண்டும். என் போர்வையைக் கீழே விரித்தேன். என் சட்டைகளை அவருடைய ஆணியில் மாட்டினேன். செல்போன் சார்ஜரை அவருடைய பிளக்கில் சொருகினேன். அவர் தலையணையை மட்டும் எடுத்துப்போட மனம் வரவில்லை. அதில் தலைவலித் தைலமும் வறுத்த காபிக்கொட்டையும் கலந்த அவர் வாசனை இருந்தது. அதில் முகத்தைப் புதைத்துப் படுத்தேன். ஐம்பத்தொரு வயது ஆம்பளை சத்தம் போட்டு அழுதேன். ஊருக்குத் திரும்பினாலும் எனக்கென்று காத்திருக்க அங்கே யாரும் இல்லை. இங்கே இருந்த ஒருவரையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அழுது அழுது அப்படியே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது மணி நாலு. பாய் ஷூகூடக் கழற்றாமல் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். பின்னால் வாட்ச்மேன் அட்டைப்பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

“பிளைட்டு போகல தம்பி. ஆப்பிரிக்காவுல எங்கயோ மலை வெடிச்சிருச்சாம். சாம்பலு வானத்துல வருதாம்.”

எனக்கு அவர் சொன்னது எதுவும் ஏறவில்லை. அவர் கண் போன இடம்தான் தெரிந்தது. விரித்த போர்வை, ஆணியில் என் சட்டைகள், பிளக்கில் என் சார்ஜர். அவர் கிளம்பி ஆறு மணி நேரம் ஆகவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தேன்.

“கட்டில் சூடு ஆறுறதுக்குள்ள குடி வந்துட்டியா?” என்று பாய் சிரித்தார்.

அவர் எப்போதும் கிண்டல் செய்கிறவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் முதல்முறையாக முகத்தில் பார்த்தேன். அதில் ஏதோ குறைந்திருந்தது. பதினோரு வருஷமாக இவன் தலைக்கு மேலே படுத்துக்கொண்டு இந்தக் கட்டிலுக்குத்தான் காத்திருந்தானா என்று அவர் நினைத்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்வதென்றால் அழுததையும் சொல்ல வேண்டும். “இந்தாங்க பாய், படுங்க” என்று அவசர அவசரமாகப் போர்வையை உருவினேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “கேன்சல் ஆன ஆளுக்கு ரூம்ல ஏது கட்டிலு? நான் இப்ப விருந்தாளி.” மூலையில் கிடந்த கோரைப்பாயை உதறி இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் விரித்துவிட்டார்.

“ஷார்ஜாவுல ஒங்க அக்கா மவன் வீடு இருக்குல்ல?” என்று கேட்டேன்.

“அவன் டூட்டிக்குப் போயிட்டான்” என்றார். சரி, போக்கிடம் இல்லாமல்தான் இங்கே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் சேர்ந்து என்னைக் குத்தியது.

மாலையில் புது ஆள் வந்து சேர்ந்தான். தென்காசிப் பக்கம், நாற்பது வயது இருக்கும், வில்லாக்களில் தோட்டம் போட்டுக்கொடுக்கும் கம்பெனியில் வேலை. என் பழைய மேலடுக்கில் ஏறி அவன் பை வைத்ததும் எனக்குத் திரும்பிப் போகவும் இடமில்லாமல் போனது. ஆக, நான் கட்டிலில், பாய் தரையில். இனி வேறு மாதிரி மாற்றவே முடியாது.

ரூமில் எல்லோரும் எரிமலை வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தியோப்பியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சும்மா கிடந்த மலையாம். புகை திரண்டு எழும்பி, செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் மேலாக இந்தியாவை நோக்கிப் போகிறதாம். பாய் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார். கராமா வானம் துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

“ஏம்ப்பா, இதுல எங்க இருக்கு சாம்பலு? ஏர்போர்ட்ல ஒரு ஆளு கவுண்டர்ல ஏறி நின்னு சண்ட போடுறாரு. வானத்த பாருய்யா, வானத்த பாருய்யாங்கிறாரு.”

நான் ஏசி மெக்கானிக். தூசியைப் பற்றி என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அது விறகுச் சாம்பல் மாதிரி ஊதினால் பறக்கிற சமாச்சாரம் இல்லை, கல்லும் கண்ணாடியும் மாவாகப் பொடிந்தது, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் போகும் என்று சொன்னேன். என்ஜினுக்குள்ளே போனால் அந்தச் சூட்டில் உருகி, பிளேடில் போய் அப்பிக்கொள்ளும். அதோடு என்ஜின் மூச்சு நின்றுவிடும். சாதாரண மணல் தூசி அடைத்தே ஜூலை மாதத்தில் எத்தனை கம்ப்ரஸர் செத்துப்போயிருக்கிறது! பாய் கவனமாகக் கேட்டார். அவரிடம் இவ்வளவு பேசிய நான் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

மேலேயிருந்து தென்காசிக்காரன் தலையை நீட்டினான். “எரிமலைன்னா கெடுதல் மட்டும் இல்ல அண்ணாச்சி. நாங்க பேரீச்ச மரத்தைச் சுத்திப் போடுதோமே கருப்புக் கல்லு, அது சவூதியில எரிமலை கக்குனதுதான். தண்ணிய உறிஞ்சி வச்சுக்கிடும், வேரு காயாது.” பையைத் துழாவி ஒன்றை எடுத்தும் கொடுத்தான். குதிகால் தேய்க்க வைத்திருக்கிறானாம். உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் ஓட்டை. பாய் வாங்கி எடை பார்த்தார். முப்பது வருஷம் தராசோடு நின்ற கை. எதை வாங்கினாலும் அப்படித்தான் ஒருமுறை தூக்கிப்பார்க்கும். “பஞ்சு கணக்கா இருக்கேப்பா. இது நெருப்பா இருந்துச்சுன்னா யாரு நம்புவா?” என்று என்னிடம் நீட்டினார். தரையிலிருந்து நீட்டிய அந்தக் கையை, கட்டிலில் இருந்து குனிந்து வாங்குவதற்கு எனக்குக் கூசியது.

மறுநாள் காலை விமானக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. அன்றும் இல்லை, அடுத்த நாள் சொல்கிறோம் என்றார்கள். பாய் ஊருக்குப் போன் போட்டார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு முந்தின நாள் வேன் வைத்துக்கொண்டு வந்த குடும்பம் ராத்திரியே வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தது. அவர் மனைவி அழுவது செல்போனைத் தாண்டி எனக்கே கேட்டது. “அல்லாஹ் நாடுனா நாளைக்கு வந்துருவேன் புள்ள, சாம்பலு கரைஞ்சிரும்” என்று பாய் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் சூப்பர்வைசருக்குக் காய்ச்சல் என்று போன் செய்தேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ ஏர்போர்ட்டில் எத்தனையோ பேர் பெட்டிமேல் உட்கார்ந்து தவிக்க, ஒரு பெண் அழுதுகொண்டிருக்க, நான் மட்டும் அந்த மலை இன்னும் கொஞ்சம் புகையட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் கூடக் கிடைத்தால் எப்படியாவது சொல்லிவிடலாம். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைப்பதை நிறுத்தவில்லை.

பகலில் இருவரும் வெளியே போனோம். பாய்க்கு வேகமாக நடக்க வராது என்பதால் எனக்கும் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு வேலைநாளின் பகலில் நாங்கள் சேர்ந்து தெருவில் நடந்ததே இல்லை. அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் சாப்பிட்டுப் படுத்திருப்பேன். வெயிலில் பார்த்தால் அவர் புருவம்கூட நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது. கஃபடேரியாவில் கரக் டீ வாங்கிக்கொண்டு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“ஏமன்காரரு, எங்க பழைய மொதலாளி, ஒன்னு சொல்லுவாரு” என்று பாய் ஆரம்பித்தார். “நம்ம கடையில விக்கிற நல்ல கொட்ட எல்லாம் எத்தியோப்பியா மலையில வெளையுறது. அந்த மண்ணே ஒரு காலத்துல எரிமலை கக்குனதுதானாம். அதான் அந்த ருசியாம். யோசிச்சுப் பாரு. என் மவன் படிச்சது, மவளக் கட்டிக்குடுத்தது எல்லாம் அந்த மண்ணுல வந்த காசு. முப்பது வருஷம் சோறு போட்டுச்சு. இப்ப ரெண்டு நாளு நிப்பாட்டி வச்சிருக்கு. கோவிச்சுக்க முடியுமா?”

“ஒங்களுக்கு யாரு மேலயும் கோபம் வராது பாய்.”

“ஏன் வராது? வரும். சொல்றதில்ல.”

அது எனக்கான குத்து என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று டீ கப்பைக் கீழே வைத்தேன். “பாய், நேத்து நான் அங்க படுத்திருந்தது…” என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் ஒரு முகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச வராது. “…மெத்தைல ஒரு ஸ்பிரிங் போயிருக்கு. மாத்தணும்” என்று முடித்தேன். “ஆமா, எடது பக்கம்” என்றார் பாய். இருவரும் டீயைக் குடித்து முடித்தோம்.

அன்று சாயங்காலமே மெசேஜ் வந்துவிட்டது. நாளை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு விமானம். பாய் எழுந்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்தார். நான் அட்டைப்பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

காலையில் அக்கா மகன் வந்தான். இந்த முறை யாரும் கூப்பிடுவதற்கு முன்பே நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். பாய் முன் சீட்டில், நான் பின்னால். கார் கிளம்பியதிலிருந்தே அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பாலத்தைத் தாண்டியதும் பொறுக்க முடியாமல் என் பக்கம் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான்.

“நீங்களே சொல்லுங்கண்ணே. முந்தாநாள் பிளைட் கேன்சல்னு கேட்டதும் டூட்டியில பாதில லீவு சொல்லிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுனேன். ஷார்ஜா முவைலாவுல எங்க வீட்டுல தனி ரூமு, கட்டிலு, எல்லாம் சும்மா கெடக்கு. எங்க வூட்டுக்காரி சமைச்சு வச்சுட்டா. மாமா காதுலயே வாங்கல. டாக்ஸி புடிச்சு கராமாவுக்குப் போயிட்டாரு. முட்டி வலியோட தரையில படுத்திருக்காரு. கேட்டா, ரூம்ல ஒரு ஆளு தனியா இருப்பான்டாங்கிறாரு.”

பாய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டிலிருந்து எனக்கு அவர் பிடரி மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ என்னால் பேச முடிந்தது.

“ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ கிண்டல் பண்ணுவே.” கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பாமலே கேட்டார். “அன்னைக்கு நான் உள்ள வந்தப்ப தலகாணி ஈரமா இருந்துச்சே. என்ன அது?”

“ஏசி தண்ணி ஒழுகியிருக்கும்.”

“ஏசி மெக்கானிக் இருக்குற ரூம்ல?”

அக்கா மகன் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது பிடரியைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

“இல்ல பாய்” என்றேன். “அழுதேன். நீங்க எனக்கு ஒன்னும் குடுக்காமப் போயிட்டீங்கன்னு கோவம். நீங்க போறீங்கன்னு அழுகை. கட்டிலுக்காக நான் அங்க படுக்கல.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு ஏர்போர்ட் வாசலில் கார் நின்றபோது சொன்னார். “ஒனக்கு என்னத்தக் குடுக்குறதுன்னு எனக்குத் தெரியல தம்பி. ஒரு வாரமா யோசிச்சேன். குக்கரக் குடுத்தா பதினோரு வருஷமும் ஒரு குக்கர் அளவுக்கு ஆயிரும். அதான் வாய்க்கு வந்தத ஒளறிட்டேன்.”

இறங்கிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் உடம்பு இவ்வளவு ஒல்லியானது என்பதும் அன்றுதான் தெரிந்தது. டிக்கெட் இல்லாதவர்களை அதற்கு மேல் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்துக் கை தூக்கினார். அப்போது அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தார்.

அக்கா மகன் டூட்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினான். நான் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் நிழலில் நின்றேன். செல்போனில் செய்தியைத் திறந்து பார்த்தேன். சாம்பல் மேகம் இந்தியாவையும் தாண்டிச் சீனா பக்கம் போய்விட்டது, இனி பயமில்லை என்று போட்டிருந்தார்கள். எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நான் அந்த மலையின் புதுப் படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றிரண்டு இருந்தன. புகை அடங்கிவிட்டிருந்தது.

பன்னிரண்டே முக்கால் விமானம் பன்னிரண்டே முக்காலுக்கே கிளம்பியது.